யார் வீட்டு விருந்து?

"வாயைத் திற, பல்ஜான். பஸ் வருது பாரு, ஹாரன் அடிக்குது. கேட்டைத் திற!"

"கேட்டுக்குப் பூட்டு போட்டாச்சு," என்றாள் பல்ஜான், பல்லைக் கடித்துக்கொண்டே.

பல்லைக் கடித்துக்கொண்டு தெளிவாகப் பேசுவது லேசான காரியமில்லை. ஐந்து வயதிலேயே அவள் அதில் தேறிவிட்டாள். அப்பா எர்மெக்கின் கையிலிருந்த கரண்டியில் பீட்ரூட்டும் ஈரலும் மசித்த ஒரு கவளம் இருந்தது. பஸ் கேட் முன்னால் நின்று வெகு நேரமாகிறது. ஓட்டுநருக்குக் கை கடுத்தது.

எர்மெக்குக்கு ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் வேலை. தராஸ் நகரத்தில் பாதிப் பேருக்கு ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக்கொடுத்தது தான்தான் என்று சொல்லிக்கொள்வான். சந்தில் சொருகிக்கொண்ட லாரியைக்கூட வெளியே எடுத்துவிடுவான். ஒரு கரண்டி பீட்ரூட்டை உள்ளே அனுப்பத்தான் வழி தெரியவில்லை.

"நேத்து கேரட், துப்பிட்டே. முந்தாநாள் கீரை, பூனைக்குப் போட்டே. அந்தப் பூனைகூட மோந்து பாத்துட்டுப் போயிடுச்சு."

"பூனைக்கு அறிவு இருக்கு."

"இது உடம்புல ரத்தம் ஊறுறதுக்கும்மா. டாக்டர் சொன்னாங்கல்ல?"

"அப்போ நீங்க சாப்பிடுங்க."

"அப்பாவுக்கு ரத்தம் நெறைய இருக்கு," என்றான் எர்மெக். சொல்லிவிட்டு அவனே கொஞ்சம் நெளிந்தான்.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. ஷிம்கெண்டிலிருந்து மனைவி ஷோல்பான். அவளுடைய அம்மாவுக்குப் பித்தப்பையில் அறுவைச் சிகிச்சை. பக்கத்தில் இருக்க வேறு ஆளில்லை. மாதம் முடியும்வரை வர முடியாது.

"சாப்பிட்டாளா?"

"சாப்பிட்டுட்டே இருக்கா."

"என்ன சாப்பிட்டா?"

"ரொட்டி."

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. "என்னங்க, வீடு பெருக்கச் சொன்னேனா? துணி துவைக்கச் சொன்னேனா? ஒரே ஒரு வேலைதான் உங்ககிட்ட குடுத்துட்டு வந்திருக்கேன்."

அந்த ஒரே ஒரு வேலைக்குப் பின்னால் ஒரு பயம் இருந்தது. குழந்தை டாக்டர் ரௌஷான் அம்மா ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கியிருந்தார். "ரத்தம் தண்ணியா இருக்கு. ஈரல், பீட்ரூட், கீரை, பூசணி, எதையாவது உள்ள தள்ளுங்க. மாசக் கடைசியில மறுபடி பாப்போம். ஏறலேன்னா ஆஸ்பத்திரியில படுக்க வெச்சு ஊசி போட்டு ஏத்த வேண்டியதுதான்." அன்றைக்கு ரத்தம் எடுக்கவே மூன்று நர்சுகள் பிடிக்க வேண்டியிருந்தது. எர்மெக் வெளியே வராந்தாவில் காதைப் பொத்திக்கொண்டு நின்றான். பொத்தியும் கேட்டது. "அப்பா" என்றுதான் கத்தினாள். ஒரு தடவை ஊசி போட்டதற்கே இப்படி என்றால், வாரக்கணக்கில் படுக்க வைத்து ஏற்றினால் என்ன ஆகும்?

பஸ்ஸை அப்படியே மேஜைமேல் போட்டுவிட்டு எழுந்தான். சமையலறையில் நாலு நடை நடந்தான். ஜன்னலைத் திறந்தான், மூடினான். ஒன்றும் தோன்றவில்லை.

அப்போதுதான் அழைப்பு மணி அடித்தது. மூன்றாம் மாடி பாத்திமா அக்கா. அந்தக் கட்டடத்துக்கு வானொலி நிலையம் என்று ஒன்று உண்டென்றால் அது அவர்தான். தலையில் புதுத் துணி, முகமெல்லாம் சிரிப்பு, கையில் ஒரு கசங்கிய பை.

"நாத்தனார் பொண்ணு கல்யாணம், தம்பி. இப்பத்தான் வரேன். புள்ளைக்குச் சார்கித் கொண்டாந்தேன்."

எங்கள் ஊரில் விருந்துக்குப் போனவர் வெறுங்கையோடு திரும்பினால் அது விருந்தே இல்லை. மேஜையில் மிஞ்சியதை, மிஞ்சாததையும் சேர்த்து, ஒரு பையில் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். அதுதான் சார்கித். பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் அதில் பங்கு உண்டு. மிட்டாயும் பொரித்த மாவு உருண்டையும் ஆறிப்போன கறித்துண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கும். அந்தக் கோலத்தில் அதைத் தட்டில் வைத்துக் கொடுத்தால் நாய்கூட யோசிக்கும். ஆனால் சார்கித் என்றால் அமைச்சர் வீட்டுப் பிள்ளையும் ஓடிவரும்.

பல்ஜானும் ஓடிவந்தாள். பையைப் பிடுங்கினாள். இரண்டு கையையும் விரித்து, "பொண்ணும் மாப்பிள்ளையும் நல்லா இருக்கணும்," என்று பெரிய மனுஷி மாதிரி சொல்லி முகத்தைத் தடவிக்கொண்டாள். பிறகு பையில் கையை விட்டாள். வந்தது ஒரு குடைமிளகாய். உள்ளே அரிசியும் கேரட்டும் ஈரலும் அடைத்தது. நசுங்கி, மேலே மிட்டாய்க் காகிதம் ஒட்டியிருந்தது.

இரண்டே கடி. குடைமிளகாயைக் காணோம்.

எர்மெக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். பாத்திமா அக்கா போனதுகூடத் தெரியவில்லை.

அவன் மூளை நாலாவது கியரில் ஓட ஆரம்பித்தது. ஷோல்பான் வேலை செய்யும் குடிநீர் அலுவலகத்தில் யாருக்காவது பிறந்தநாள், யாருக்காவது பேரன், யாருக்காவது ஓய்வு என்று எப்போதும் ஏதாவது கொண்டாட்டம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் பையோடு வந்தால் அப்பனும் மகளும் வாசலிலேயே பிடுங்கிக்கொண்டு தின்பார்கள். அதில் பல்ஜான் எதையும் வேண்டாமென்று தள்ளியதே இல்லையே! அப்படியென்றால் குற்றம் கேரட்டின்மேல் இல்லை. குற்றம் நம் வீட்டுக் கேரட்டாக இருப்பதில்தான் இருக்கிறது. அதுவே ஒரு விருந்துக்குப் போய்விட்டு வந்தால் மரியாதை வந்துவிடுகிறது.

மறுநாள் வேலையிலிருந்து வந்ததும் பீட்ரூட்டை வேகவைத்தான், ஈரலை வதக்கினான். உப்புப் பார்க்கவில்லை. காய்கறியை நாக்கில் வைப்பதில்லை என்பது அவன் கொள்கை. எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டான். அழகாக இருந்தது. அது சரிப்படாது என்று கொஞ்சம் நசுக்கினான். மேலே இரண்டு மிட்டாயைப் போட்டு, ஒரு குலுக்குக் குலுக்கினான். கோட்டை மாட்டிக்கொண்டு ஓசைப்படாமல் வெளியே போய், கதவைச் சாத்தி, தன் வீட்டு மணியைத் தானே அடித்தான்.

"யாரு?"

"அப்பாதான். விருந்துக்குப் போய்ட்டு வரேன். சார்கித் கொண்டாந்திருக்கேன்!"

கதவு திறந்தது. இரண்டு கண்கள் பையைப் பார்த்தன. கை நீளவில்லை.

"யார் வீட்டு விருந்து?"

இதை எர்மெக் எதிர்பார்க்கவில்லை. "யாரோ ஒருத்தர் வீட்டு விருந்து."

"யாரோன்னா எப்படி வாழ்த்து சொல்றது? பேர் சொல்லாம சாப்பிட்டா தப்பு."

அவள் சொல்வது நியாயம்தான். யாருக்கு, எதற்கு என்று தெரியாமல் கையை விரித்தால் யாருக்குப் போய்ச் சேரும்? எர்மெக் வாய்க்கு வந்ததைச் சொன்னான். வாய்க்கு வந்தது மூன்றாம் மாடிதான்.

"பாத்திமா அத்தை மகன் துர்சுன் மாமாவுக்கு. நிச்சயதார்த்தம்."

"பொண்ணு யாரு?"

"உங்க... உங்க டீச்சர் பாகித்."

பல்ஜான் முகம் மலர்ந்தது. "ரெண்டு பேரும் நல்லா இருக்கணும்," என்று முகத்தைத் தடவினாள். பீட்ரூட் போயிற்று. ஈரல் போயிற்று. பையின் மூலையில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்து நக்கினாள்.

எர்மெக் உடனே ஷிம்கெண்டுக்குப் போன் போட்டான். "பீட்ரூட் சாப்பிட்டா! ஈரல் சாப்பிட்டா! பையையே சாப்பிட்டிருப்பா, நான்தான் தடுத்தேன்."

"நெஜமாவா? எப்படிங்க?"

"அது என் சொந்த யோசனை. நேர்ல வா, சொல்றேன். உனக்கெல்லாம் ஜென்மத்துக்கும் தோணாது."

மறுமுனையில் இருமல் மாதிரி ஒரு சத்தம். "சரிங்க," என்றாள் ஷோல்பான்.

அன்றிரவு எர்மெக் நிம்மதியாகத் தூங்கினான். அதுதான் கடைசி நிம்மதி.

காலையில் பிள்ளையைப் பாலர் பள்ளியில் விடப் போனபோது டீச்சர் பாகித் வாசலிலேயே நின்றிருந்தாள். ஒல்லியான, கூச்ச சுபாவமுள்ள பெண். அன்றைக்கு மட்டும் கூச்சத்தைக் காணோம்.

"ஒரு சந்தேகம், சார். எனக்கு எப்போ நிச்சயமாச்சு?"

"எ... என்ன?"

"பிள்ளைங்க எல்லாம் பாட்டு பாடி வரவேற்குதுங்க. சமையல்கார அம்மா கட்டிப்பிடிச்சு அழுதாங்க. மாப்பிள்ளை யாருன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியல. உங்க மகதான் சொன்னா, ரயில்வேல எலக்ட்ரீஷியனாம். ஆள் எப்படி, நல்லவரா?"

உண்மையைச் சொல்லிவிடலாமென்று எர்மெக் வாயைத் திறந்தான். கீழே பார்த்தான். அவன் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு பல்ஜான் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். விருந்து பொய் என்று அவள் காதில் விழுந்தால் பீட்ரூட் மறுபடி பீட்ரூட் ஆகிவிடும். பிறகு ஆஸ்பத்திரிதான்.

"நல்லவர்தான்," என்று சொல்லிவிட்டு ஓடினான்.

சாயங்காலம் கட்டட வாசலில் பாத்திமா அக்கா இடுப்பில் கைவைத்து நின்றார்.

"ஏன்டா எர்மெக், என் மகனுக்கு நிச்சயதார்த்தமாம். பெத்தவ நான், எனக்குத் தெரியாதாம். உனக்குத் தெரியுமாம்!"

"அக்கா, குழந்தை ஏதோ உளறியிருக்கு. அது வேற துர்சுன்."

"அப்படித்தான் நானும் சொன்னேன். எவ நம்புறா? 'யாரையும் கூப்பிடாம தின்னுட்டு, இப்போ மறைக்கிறா'ன்னு நாலாவது மாடிக்காரி என் மூஞ்சிக்கு நேராச் சொல்றா. சந்தையில ஒருத்தி எனக்குச் சலாம்கூடச் சொல்லல. நாப்பது வருஷமா ஊருக்கெல்லாம் சோறு போட்டவடா நான்!"

"துர்சுன் என்ன சொல்றான்?"

"அந்த ஊமைக்கோட்டான் என்ன சொல்லும்? அந்தப் பொண்ணுகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு வான்னு பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினேன். போய் ரெண்டு மணி நேரமாச்சு. இன்னும் வரல."

இனிமேல் கட்டடத்து ஆள் யாரையும் இழுக்கக்கூடாது என்று எர்மெக் முடிவெடுத்தான். தூரத்து ஆளாக இருக்கவேண்டும், பாலர் பள்ளிக்குச் சம்பந்தமில்லாத ஆளாக இருக்கவேண்டும். அன்றைக்குப் பையில் பூசணியும் கீரையும்.

"யார் வீட்டு விருந்து?"

"எங்க பெரிய சார் செரிக்பாய் இருக்காருல்ல? அவருக்கு அறுபது வயசு முடிஞ்சுது."

"நூறு வயசு இருக்கணும்," என்று பல்ஜான் பூசணியை முடித்தாள்.

எர்மெக் ஒன்றை மறந்துவிட்டான். அவன் கூட வேலை பார்க்கும் ஒருவனின் பையன் அதே வகுப்பில் படிக்கிறான். மறுநாள் மதியத்துக்குள் பயிற்சிப் பள்ளியே பரபரத்தது. தங்களைக் கூப்பிடாமல் பெரியவர் அறுபது கொண்டாடிவிட்டார் என்று பாதிப் பேருக்குக் கோபம். மீதிப் பேர் தாமதமானாலும் பரவாயில்லை என்று ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வெல்வெட் அங்கி ஒன்று வாங்கி, அவர் அறைக்குப் போய்ப் போர்த்திவிட்டார்கள். அறுபது ஆனால் ஓய்வும் பக்கம்தான். அவர் நாற்காலிக்கு இரண்டு பேர் அன்றைக்கே விண்ணப்பம் கொடுத்துவிட்டார்கள்.

எர்மெக்கைக் கூப்பிட்டுவிட்டார் செரிக்பாய். தோளில் அங்கி. கழற்ற மனமில்லை போலிருக்கிறது.

"எனக்கு அம்பத்திரெண்டு, எர்மெக்."

"தெரியும், சார். பாத்தா அதுவும் தெரியாது, சார்."

"உன் மகதான் சொன்னாளாம். உன் வீட்டுல என்னைப் பத்தி என்னதான்டா பேசிக்கிறீங்க? எப்போ தொலைவான்னா?"

"ஐயோ சார்! மாசக் கடைசிவரைக்கும் பொறுங்க, சார். எல்லாத்தையும் சொல்றேன். இப்போ சொன்னா என் புள்ளைக்கு ஊசி போடுவாங்க."

செரிக்பாய் அவனை ஏற இறங்கப் பார்த்தார். பயிற்சி வண்டியைக் கொஞ்ச நாள் வேறு ஆள் ஓட்டட்டும் என்று சொல்லி அனுப்பினார்.

எர்மெக்குக்கு இப்போது ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. நிற்கவும் முடியவில்லை. தெருவில் யாராவது "எர்மெக்!" என்று கூப்பிட்டால் எதிர்ப்பக்கம் தாண்டினான். ஆனால் அந்த விருந்துகளின் மிச்சமென்று தினமும் ஒரு பை காலியானதில், பல்ஜானின் கன்னத்தில் லேசாகச் சிவப்பு ஏறியிருந்தது. காலையில் எழுப்பாமலே எழுந்தாள். மாடிப்படியில் இரண்டிரண்டாகத் தாவினாள். அந்தச் சிவப்பைப் பார்க்கும்போதெல்லாம் 'இன்னும் ஒரே ஒரு விருந்து' என்று அவன் மனசு கெஞ்சியது.

சரி, உயிரோடு இருக்கிற ஆளைச் சொன்னால்தானே வம்பு? இல்லாத ஆளைச் சொல்வோம்.

"யார் வீட்டு விருந்து?"

"மங்கோலியாவுல இருந்து அப்பாவோட சித்தப்பா வந்திருக்காரு. குடும்பத்தோட. இங்கேயே குடியேறப் போறாரு. அதுக்கு விருந்து."

"எத்தனை புள்ளைங்க?"

"ஏழு."

"அப்பாடி! ஏழு பேரும் நல்லா இருக்கணும்." முட்டைக்கோஸ் காலி.

இதைவிடப் பெரிய முட்டாள்தனத்தை அவன் செய்திருக்க முடியாது. ஊருக்குப் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு அக்கம்பக்கத்தார் ஆளுக்கொரு வேளை சோறு போட்டாக வேண்டும். போடாவிட்டால் வந்தவனுக்கு ஒன்றுமில்லை, அந்தத் தெருவுக்கே கெட்ட பெயர். அதுவும் ஏழு பிள்ளையோடு வந்தவன்! ஏற்கனவே நிச்சயதார்த்த விவகாரத்தில் பெயர் கெட்ட பாத்திமா அக்கா இதை விடுவாரா?

மறுநாள் சாயங்காலம் மணி அடித்தது. கதவைத் திறந்தால் முன்னால் பாத்திமா அக்கா, பின்னால் நாலாவது மாடிக்காரி, அவளுக்கும் பின்னால் படிக்கட்டு நிறைய ஆட்கள். ஆளுக்கொரு பாத்திரம். யாரோ ஒருவர் கையில் கயிறு. கயிற்றின் மறுமுனையில் ஒரு ஆடு. அதுவும் இவனைத்தான் பார்த்தது.

"சித்தப்பாவைக் கூப்பிடு. இன்னைக்கு எங்க வீட்டுல சாப்பாடு," என்றார் பாத்திமா அக்கா.

"தூங்குறாருக்கா."

"எழுப்பு."

"குளிக்கப் போயிருக்காரு."

"தூங்கிட்டே குளிக்கிறாரா? ஏழு புள்ளைங்களும் எங்க?"

"எல்லாம் ஒண்ணாத்தான் குளிக்குது."

"தள்ளு, நான் பாக்குறேன்."

"போய்ட்டாங்கக்கா! மங்கோலியாவுக்கே திரும்பிப் போய்ட்டாங்க. இந்த ஊர் பிடிக்கலையாம்!"

ஆடு ஒருமுறை கத்தியது.

பாத்திமா அக்காவின் குரல் தாழ்ந்தது. கத்தினால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது எர்மெக்குக்கு. "சொந்தச் சித்தப்பன். அம்மாந்தூரத்துல இருந்து வந்தவன். எங்க கையால ஒரு வாய் சோறு போட விடாம, ஏழு புள்ளைங்களோட துரத்தி விட்டுட்டியா? பிடிக்கலேன்னு ஏன் சொல்ல மாட்டான்? யாரும் எட்டிப் பாக்கலேல்ல! இனிமே மங்கோலியா பூரா நம்ம கட்டடத்தைப் பத்திப் பேசும்."

உண்மை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்போது கதவிடுக்கில் ஒரு சின்ன மூக்கு தெரிந்தது. எர்மெக் நாக்கைக் கடித்துக்கொண்டான். கண்ணில் தண்ணீர் வந்தது. நாக்கு வலியா, அவமானமா என்று அவனுக்கே தெரியவில்லை.

"தப்புதான்க்கா. என்ன செய்யணும்னு சொல்லுங்க, செய்யறேன்."

படிக்கட்டிலேயே பஞ்சாயத்து நடந்தது. தீர்ப்பும் ஆனது. வரும் ஞாயிற்றுக்கிழமை எர்மெக் வீட்டில் விருந்து. கட்டடம் முழுக்க வரும். நிச்சயதார்த்தம், அறுபது, மங்கோலியா எல்லாக் கணக்கும் அன்றைக்கே தீரவேண்டும். ஆட்டைக் கையோடு விட்டுவிட்டுப் போனார்கள்.

விருந்துக்கு முந்தின நாள் காலை ரத்தப் பரிசோதனை. எர்மெக் வராந்தாவில் காதைப் பொத்திக்கொண்டு நின்றான். உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. அதுவே பயமாகிவிட்டது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினால், பல்ஜான் கையை நீட்டிக்கொண்டு ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறாள். நர்சிடம், "உங்க வீட்டுல விருந்து நடந்தா எனக்கும் கட்டி அனுப்புங்க," என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

டாக்டர் ரௌஷான் முடிவைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "நல்லா ஏறியிருக்கே! ஆஸ்பத்திரி எதுவும் வேண்டாம். என்னதான் குடுத்தீங்க?"

எர்மெக் மகளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். "வீட்டுச் சாப்பாடுதான், டாக்டர்."

"அதையே இன்னும் ஒரு வருஷத்துக்கு விடாமக் குடுங்க."

ஒரு வருஷம்! வருஷம் முழுக்க விருந்து! யாரைக் கல்யாணம் பண்ணிவைப்பது, யாருக்கு அறுபது ஆக்குவது? வீடுவரைக்கும் அவன் அதையே நினைத்துக்கொண்டு நடந்தான்.

ஞாயிறு காலை ரயிலில் ஷோல்பான் வந்து இறங்கினாள். மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு வீட்டில் நின்ற ஆட்டைப் பார்த்தாள். "இது எதுக்குங்க?" என்றாள். "ராத்திரி சொல்றேன்," என்றான் எர்மெக். அவளும் துருவவில்லை. தன்னோடு குடிநீர் அலுவலகத்தில் வேலை பார்க்கும் கிளாரா அக்காவைச் சமையலுக்குத் துணையாக வரச்சொல்லிப் போன் போட்டாள். நரைத்த கிராப்பு, கணீர்க் குரல், ஒளிவுமறைவு தெரியாத மனுஷி. வந்ததும் சட்டைக் கையை மடக்கிக்கொண்டு மாவு பிசைய உட்கார்ந்துவிட்டார்.

சாயங்காலம் வீடு கொள்ளவில்லை. செரிக்பாய் அங்கியோடு வந்தார். "வயசுதான் பொய், அங்கி நெஜம்," என்று வாசலிலேயே சொல்லிவிட்டார். ஊமைக்கோட்டான் துர்சுன் வந்தான். அவன் காலணிக்குப் பக்கத்தில் டீச்சர் பாகித்தின் காலணி. ஒன்றாகத்தான் வந்திருக்கிறார்கள். பாத்திமா அக்கா அந்த இரண்டு ஜோடியையும் வெகு நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

பல்ஜானுக்கு முன்னால் கேரட்டை வைத்தால், "நம்ம வீட்டு விருந்துல சார்கித் மத்தவங்களுக்குத்தான்," என்று தட்டைத் தள்ளிவிட்டு மற்றப் பிள்ளைகளோடு உள்ளறைக்கு விளையாடப் போய்விட்டாள். எர்மெக் உள்ளறைக் கதவை இறுக்கிச் சாத்தினான். தேநீர்க் கிண்ணத்தைக் கையில் எடுத்து நின்றான்.

எல்லாவற்றையும் சொன்னான். தண்ணியான ரத்தம், மூன்று நர்சு, நசுக்கிய பீட்ரூட், தன் வீட்டு மணியைத் தானே அடித்தது, ஏழு பிள்ளை. ஒன்றையும் விடவில்லை. "என் புள்ளை கத்துறதை இன்னொரு தடவை கேக்க எனக்குத் தெம்பில்ல. அதுக்காகத்தான். எல்லாரும் மன்னிக்கணும்."

நாலாவது மாடிக்காரிதான் முதலில் சிரித்தாள். பிறகு செரிக்பாய் அங்கி குலுங்கச் சிரித்தார். பாத்திமா அக்கா மட்டும் முறைத்தார். "மங்கோலியாக்காரனுக்காக நான் ரெண்டு நாள் அழுதேன்டா, பாவி! வயிறு எரிய அழுதேன்." அப்புறம் ஓரக்கண்ணால் துர்சுனையும் பாகித்தையும் பார்த்தார். "சரி, தொலை. புள்ளைக்காகப் பண்ணினது. ஒரு பொய்யாவது பலிக்கும் போலருக்கு."

ஷோல்பான் அந்தப் பக்கம் திரும்பி தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவள் தோள் குலுங்கியது. பெருமையில் அழுகிறாள் பாவம் என்று எர்மெக்குக்கு நெஞ்சு நிறைந்தது. பாரம் இறங்கியதும் பழைய எர்மெக் வந்துவிட்டான்.

"ஆனா ஒண்ணு ஒத்துக்கணும்! வீட்டுல சமைச்சதையே விருந்துச் சாப்பாடுன்னு கட்டிக் குடுத்து ஒரு ஆளைக் காய்கறி தின்ன வெக்கிறது... உலகத்துல எவனுக்காவது தோணியிருக்குமா? அந்தப் பெருமையில கிளாரா அக்காவுக்கும் பங்கு உண்டு. உங்க அலுவலகத்துல வெள்ளிக்கிழமை தவறாம விருந்து வெக்கிறீங்களே, அந்தப் பையைப் பாத்துத்தான் எனக்கு யோசனையே வந்தது. அந்தப் பூசணிக் கொழுக்கட்டை இருக்கே, அடடா! நானே பாதியத் தின்னுடுவேன். ஒரு வெள்ளிக்கிழமை என்னையும் கூப்பிடுங்கக்கா."

ஷோல்பான் ஊற்றிய தேநீர், கிண்ணத்தைத் தாண்டி மேஜையில் கொட்டியது.

"எங்க அலுவலகத்துலயா விருந்து?" என்றார் கிளாரா அக்கா, மாவு ஒட்டிய கையை உதறிக்கொண்டே. "நின்னு தண்ணி குடிக்க நேரமில்ல அங்க! வெள்ளிக்கிழமை மத்தியானம் ஷோல்பான்தான் பின்கட்டு அடுப்புல தானே சமைச்சு, மேல ரெண்டு மிட்டாயைப் போட்டுக் கசக்கிக் கட்டுவா. யாருக்குடின்னு கேட்டா, 'வீட்டுல காய்கறின்னா மூஞ்சியத் திருப்புற புள்ளை ஒண்ணு இருக்குக்கா'ன்னா. பல்ஜானான்னு கேட்டேன், 'இல்லக்கா, பெரிசு, வர்ற செப்டம்பர்ல நாப்பத்திரெண்டு முடியுது'ன்னா."